2.67 லட்சம் மானியம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? மதுரையில் வட்டி மானியத்தோடு வீடு வாங்கிய அனுபவம்

எங்கள் பள்ளியில் இந்த வருஷம் சேர்ந்த இரண்டு டீச்சர்களும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "அக்கா, நீங்க அரசு மானியத்துலதான வீடு வாங்குனீங்க, இப்ப 2.0ன்னு வந்திருக்காமே, எடுக்கலாமா?" ஸ்டாஃப் ரூமில் டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். நான் பயன்படுத்தியது பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா நகர்ப்புறத் திட்டத்தில் இருந்த வட்டி மானியம். 2019-இல் வாங்கினோம். அந்தத் திட்டம் இப்போது முடிந்துவிட்டது. அதன் இடத்தில் வேறு கணக்கோடு புதியது வந்திருக்கிறது, அதைத்தான் 2.0 என்கிறார்கள்.

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். சொன்ன பணம் சொன்னபடி வந்ததா என்று கேட்டால் 5-க்கு 4. அந்தப் பணத்தால் எங்களுக்கு வீடு மலிவாகக் கிடைத்ததா என்று கேட்டால் 5-க்கு 2-க்கு மேல் என்னால் தர முடியாது. இந்த இரண்டும் ஒரே கேள்வி என்று நினைத்துத்தான் நானும் என் வீட்டுக்காரரும் உள்ளே போனோம்.

நாங்கள் அதற்கு முன்பு வில்லாபுரத்தில் ஒத்திக்கு இருந்தோம். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது என்பதால் சொல்கிறேன், மதுரையில் ஒத்தி என்றால் வீட்டின் சொந்தக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது, காலம் முடிந்து காலி செய்யும்போது அதே தொகையைத் திருப்பி வாங்கிக்கொள்வது. நாங்கள் கொடுத்திருந்தது 4 லட்சம். மூன்று வருஷம் முடியும்போதெல்லாம் வீட்டின் சொந்தக்காரர் "இன்னும் ஒரு லட்சம் சேர்த்துக் குடுங்க, இல்லன்னா வேற ஆள் பாத்திருக்கேன்" என்பார். நான் தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன், என் வீட்டுக்காரர் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் இருக்கிறார். இரண்டு சம்பளமும் சேர்ந்து அப்போது மாதம் 48,000 சொச்சம். வருஷத்துக்கு 6 லட்சத்துக்குள் வந்ததால் குறைந்த வருமானப் பிரிவில் வந்தோம். 3 லட்சத்துக்குள் இருந்தால் நலிந்த பிரிவு. இந்த இரண்டு பிரிவுக்கும் 6 லட்சம் வரையிலான கடனுக்கு 6.5 சதவீத வட்டியை அரசு ஏற்கும், 20 வருஷத்துக்கான அந்த வட்டியை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து ஒரே தவணையில் கடன் கணக்கில் கழித்துவிடும். உச்சபட்சமாக 2,67,280 ரூபாய். அந்த "2.67 லட்சம்" என்ற எண் அப்போது மதுரையைச் சுற்றி எந்த மனைப் பிரிவுக்குப் போனாலும் பிளக்ஸில் தொங்கியது.

திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இந்த இரண்டு பிரிவுகளிலும் புது வீடு வாங்குவதாக இருந்தால் குடும்பத் தலைவி பெயரில் அல்லது கூட்டுப் பெயரில்தான் வாங்க வேண்டும். என் அம்மா பெயரில் ஒரு செண்ட் நிலம் இருந்ததில்லை, என் மாமியார் பெயரிலும் இல்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் கட்டைவிரலை வைத்துவிட்டு வெளியே வந்தபோது இந்த ஒரு விதியை எழுதியவர் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இன்றைக்கும் அதே எண்ணம்தான்.

விண்ணப்பம் கஷ்டம் இல்லை. ஆதார், வருமானம் பற்றிய உறுதிமொழி, இந்தியாவில் எங்குமே எங்கள் குடும்பத்தில் யார் பெயரிலும் கான்கிரீட் வீடு இல்லை என்ற உறுதிமொழிப் பத்திரம், வீட்டின் உள்ளளவு 60 சதுர மீட்டருக்குள் என்பதற்கு வரைபடம். அதெல்லாம் கடன் கொடுத்த இடத்திலேயே வாங்கிக்கொண்டார்கள். ஆனால் கடன் வாங்குவதுதான் கஷ்டம். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. கொடுக்கலாம் என்பதுதான் விதி, கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. எங்களுக்கு 18 லட்சம்தான் கிடைத்தது. தனியார் பள்ளிச் சம்பளம், பட்டறைச் சம்பளம், இரண்டுக்கும் நிரந்தரம் கிடையாது என்று சொல்லி மூன்றாம் நபர் ஜாமீன் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஜாமீன் கையெழுத்து என்றால் சொந்தக்காரர்கள் ரோட்டில் பார்த்தால்கூட எதிர்ப்பக்கம் போவார்கள். கடைசியில் பெரியப்பா போட்டார். மின் வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "கட்டிருவேல்ல தாயி?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டார். ஆறு வருஷமாக ஒரு தவணை தவறாமல் கட்டுவதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

இந்த ஜாமீன் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், அரசியல் முழுக்க அதில்தான் இருக்கிறது.

இப்போது விலைக் கதை. திருப்பரங்குன்றம் தாண்டி ஒரு இடத்தில் வரிசையாக ஆறு தனி வீடுகள் கட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை செண்டுக்குக் கொஞ்சம் கூட, ஹால், இரண்டு பெட்ரூம், மாடிப்படி வெளியே. முதல் தடவை பிப்ரவரியில் போய்க் கேட்டபோது 24.5 லட்சம் என்றார் கட்டியவர். நாங்கள் கடனுக்கு அலைந்து மே மாதம் திரும்பிப் போனால் 26 லட்சம். ஏன் சார் என்று கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை. "டீச்சர், ஒங்களுக்கு மானியம் வருதுல்ல, அதுல கழிச்சுக்கங்க. முன்ன வந்தவங்களும் அப்படித்தான் எடுத்தாங்க." மானியம் வரும் என்பது எனக்கு எவ்வளவு நன்றாகத் தெரியுமோ அதைவிட நன்றாக அவருக்குத் தெரியும். அந்த ஒன்றரை லட்சம் ஏறியதற்கு சிமென்ட் விலை, கொத்தனார் கூலி என்று எதையாவது சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அந்தப் பக்கத்தில் எங்கள் பட்ஜெட்டில், அப்ரூவல் உள்ள, பட்டா சரியாக உள்ள வேறு வீடு இருந்திருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன். இல்லை. மூன்று மாதத்தில் பத்தொன்பது இடம் பார்த்தோம், எண்ணி வைத்திருக்கிறேன். ஒன்றில் மூலப்பத்திரம் இல்லை, ஒன்றில் பாதை இல்லை, நிறைய இடங்களில் மனைக்கு அங்கீகாரம் இல்லை.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது பலருக்கு நினைவிருக்கும். வயலையும் கண்மாயையும் கூறு போட்டு விற்றதைத் தடுக்க வந்த சரியான உத்தரவு அது, நான் குறை சொல்ல மாட்டேன். அடுத்த வருஷம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. ஆனால் அங்கீகாரம் உள்ள மனைகளைப் பெருக்க அதே வேகத்தில் யாரும் வேலை செய்யவில்லை. நல்ல மனை கொஞ்சம்தான் இருக்கிறது, அதைத் தேடி வருகிற எல்லோர் கையிலும் மானியக் காகிதம் இருக்கிறது. விலை ஏறாமல் என்ன செய்யும்?

அப்புறம் பதிவு. முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம், ஆக 11. கடன் கொடுத்தவர்கள் முழு விலைக்கும் பத்திரம் போடச் சொன்னார்கள், நாங்களும் அப்படித்தான் போட நினைத்தோம். 26 லட்சத்துக்கு 11 சதவீதம் 2,86,000. திரும்பப் படித்துப் பாருங்கள். மத்திய அரசிடமிருந்து நான் வாங்கிய மானியம் 2,67,280. அந்த மானியம் கையில் வருவதற்கு முன்பே மாநில அரசுக்கு நான் கட்டியது 2,86,000. எந்தக் கட்சி மேடையிலும் இந்தக் கணக்கை நான் கேட்டதில்லை. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்தார்கள், நல்லது, ஆனால் அதே நாளில் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு நிர்ணயிக்கிற மதிப்பை, 2017-க்கு முந்தைய அளவுக்கு ஏற்றினார்கள். 2025 ஏப்ரலில் இருந்து 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. மதுரையில் 10 லட்சத்துக்கு வீடு எங்கே இருக்கிறது? மனைக்கு வேண்டுமானால் உதவும்.

ஒத்திப் பணம் 4 லட்சம், சீட்டு எடுத்தது, என் நகை, அவர் தங்கையிடம் கைமாற்று, எல்லாம் சேர்த்துத்தான் மிச்சத்தைப் புரட்டினோம்.

மானியம் வர 11 மாதம் ஆனது. இணையதளத்தில் ஒரு எண்ணைப் போட்டால் எந்தப் படியில் நிற்கிறது என்று காட்டும், அது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு, தினமும் பார்ப்பேன். வந்த அன்று குறுஞ்செய்தி வந்தது, அன்றைக்குப் பாயசம் வைத்தேன். ஆனால் தவணை குறையவில்லை. கிளையில் போய்க் கேட்டால் "காலம் குறையும் மேடம், தவணை அப்படியே இருக்கும்" என்றார்கள். எனக்கு மாதச் சுமைதான் குறைய வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, மூன்று முறை அலைந்து, அதன் பிறகுதான் 15,735 ரூபாய் தவணை 13,350 அளவுக்கு வந்தது. நான் கேட்காமல் இருந்திருந்தால் அப்படியே ஓடியிருக்கும். கிளை பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் கேட்டால்தான் செய்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. நீங்களும் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

மாதம் 2,400 ரூபாய் குறைந்தது சின்ன விஷயம் இல்லை. பையனுடைய பள்ளிக் கட்டணம் அதில்தான் போனது. அதனால்தான் 5-க்கு 4 கொடுத்தேன். ஆனால் 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனுக்கான வட்டி, அதைப் பார்த்துத்தான் எங்கள் கடன் வட்டியும் ஏறும்) 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமாக ஏறியது. 15 லட்சம் கடனில் இரண்டரை சதவீதம் என்றால் வருஷத்துக்கு 37,500 ரூபாய் கூடுதல் வட்டி. தவணைத் தொகை மாறவில்லை, கடன் முடிகிற வருஷம் மட்டும் தள்ளித் தள்ளிப் போனது. ஒரு தடவை கிடைத்த மானியத்தை வட்டி ஏற்றம் எத்தனை வருஷத்தில் தின்னும் என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஜாமீன்.

என் சித்தி மகன் மெல்போர்னில் இருக்கிறான். போன வருஷக் கடைசியில் அங்கே ஒரு அபார்ட்மென்ட் வாங்கினான். விலை 5,80,000 ஆஸ்திரேலிய டாலர், அவன் கையிலிருந்து போட்டது 5 சதவீதம், அதாவது 29,000. அங்கே வழக்கமாக 20 சதவீதம் முன்பணம் போட வேண்டும், இல்லை என்றால் கடன் கொடுப்பவருக்காக ஒரு காப்பீட்டை நம் காசில் எடுத்துக் கொடுக்க வேண்டும். முதல் வீடு வாங்குபவருக்கு மிச்ச 15 சதவீதத்துக்கு அரசு வங்கிக்கு உத்தரவாதம் கொடுக்கிறது. 2020-இல் குறைந்த எண்ணிக்கையில், வருமான வரம்போடு ஆரம்பித்ததை, 2025 அக்டோபர் 1 முதல் எண்ணிக்கை வரம்பையும் வருமான வரம்பையும் எடுத்துவிட்டு முதல் வீடு வாங்கும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். போனில் கேட்டபோது எனக்குப் பெரியப்பா முகம்தான் ஞாபகம் வந்தது. அங்கே அரசே பெரியப்பா மாதிரி கையெழுத்துப் போடுகிறதே என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவன் சொன்னது: "அக்கா, நாலு ஏலத்துல தோத்துட்டு அஞ்சாவதுலதான் கிடைச்சுச்சு. என் கையில இருந்த லெட்டர்தான் அங்க வந்திருந்த முக்காவாசிப் பேர் கையிலயும் இருந்துச்சு."

அங்கே இது பெரிய அரசியல் சண்டையே. ஆளும் தொழிற்கட்சி, இளைஞர்கள் முன்பணம் சேர்க்கப் பத்து வருஷம் ஆகிறது, அதைக் குறைக்கிறோம் என்கிறது. எதிர்க்கட்சி, வருமான வரம்பை எடுத்தால் பணக்காரர் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள், விலைதான் ஏறும் என்கிறது. அரசின் கருவூலத் துறை, ஆறு வருஷத்தில் அரை சதவீத அளவுக்குத்தான் விலை ஏறும் என்றது. அதை ஏற்காதவர்கள் நிறையப் பேர். ஆனால் அந்த அரசு இன்னொரு பக்கமும் வாக்குக் கொடுத்திருக்கிறது, 2024 ஜூலையிலிருந்து ஐந்து வருஷத்தில் 12 லட்சம் புது வீடுகள் என்று. அதைக் கண்காணிக்க வைத்திருக்கிற ஆலோசனைக் குழுவே 2025-இல் 9.38 லட்சம்தான் முடியும் என்று கணித்துச் சொன்னது. அரசு நியமித்த குழு அரசிடம் உள்ள குறையை எண் போட்டுச் சொல்கிறது, அதை வைத்து நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கிறார்கள். வீடு வாங்க உதவி எவ்வளவு, வீடு எவ்வளவு எழும்புகிறது என்று இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படுகிறது. நம் ஊரில் முதல் கணக்கு மட்டும்தான் போஸ்டரில் வருகிறது.

நம் நாட்டிலும் இப்படி ஓர் உத்தரவாத நிதி இருக்கிறது என்பதே எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. குறைந்த வருமானக்காரர்களின் வீட்டுக் கடனுக்காக 2012-இல் வைத்தார்கள். 2.0 திட்டத்தில் அதை 1,000 கோடியிலிருந்து 3,000 கோடியாக உயர்த்தியிருக்கிறார்கள். மூன்றாம் நபர் ஜாமீன் கேட்காமல் கடன் கொடுக்கட்டும் என்பதுதான் நோக்கம். நான் கடன் கேட்டுப் போனபோது இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீங்கள் போகும்போது "கடன் உத்தரவாத நிதியில் என் கடனைச் சேர்ப்பீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். இந்த உத்தரவாதம் கடன் கொடுப்பவருக்கு, நமக்கு இல்லை. நாம் கட்டாவிட்டால் அவர்களுக்கு ஒரு பங்கு கிடைக்கும், அதற்காக நம் வீட்டை விட்டுவிட மாட்டார்கள், 2002-ஆம் வருஷத்துச் சட்டப்படி வீட்டை எடுத்து ஏலம் போடும் அதிகாரம் அப்படியேதான் இருக்கிறது. அரசு ஜாமீன் என்றதும் கடன் தள்ளுபடி மாதிரி நினைக்கிற சொந்தக்காரர்கள் எனக்கே இருக்கிறார்கள்.

சரி, வாங்க முடியாதவர்கள்? உசிலம்பட்டி பக்கம் என் பெரியம்மா ஓட்டு வீட்டில் இருக்கிறார், மழை பெய்தால் மூன்று இடத்தில் குண்டான் வைக்க வேண்டும். அவரைப் போன்றவர்களுக்கு மாநில அரசு 2024-இல் கலைஞரின் கனவு இல்லம் என்று ஆரம்பித்தது. 2030-க்குள் 8 லட்சம் வீடு, முதல் வருஷம் ஒரு லட்சம் வீடு, ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம், 360 சதுர அடி. இந்தத் திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன், ஏனென்றால் இதில் வீடு உண்மையில் எழும்புகிறது. பணம் கட்டுமானம் ஏற ஏறப் படிப்படியாக வருகிறது, யாரும் நடுவில் விலை ஏற்ற முடியாது, நிலம் நம்முடையது. பெரியம்மாவுக்குத் தடை அந்த நிலத்தில்தான். வீடு தாத்தா பெயரில், ஐந்து வாரிசுகள், தனிப் பட்டா இல்லை. பட்டா இல்லாதவருக்கு எந்த ஆட்சியின் திட்டமும் கிடையாது.

தொலைக்காட்சி விவாதங்களில் இது வருவதில்லை. வருவதெல்லாம் யார் பெயர், யார் படம் என்பது. கிராமப்புற பிரதமர் வீட்டுத் திட்டத்தில் 1.20 லட்சத்தில் மத்திய பங்கு 60 சதவீதம், அதாவது 72,000. மாநிலம் 48,000 போட்டு, கான்கிரீட் கூரைக்கு மேலும் 1.20 லட்சம் போடுகிறது. ஆக 2.40 லட்சத்தில் 1.68 லட்சம் சென்னையிலிருந்து வருகிறது, பலகையில் டெல்லியின் பெயர் இருக்கிறது. இந்த வருத்தம் நியாயமானது, நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2010-இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்க 21 லட்சம் என்று இலக்கு வைத்து ஆரம்பித்த திட்டம் 2011-இல் ஆட்சி மாறியதும் நின்று, அதற்குப் பதில் வருஷத்துக்கு 60,000 பசுமை வீடுகள் என்று வந்ததே, அந்த இடைவெளியில் யாருக்கு வீடு தள்ளிப்போனது என்று இரண்டு பக்கமும் பேச மாட்டார்கள். சூரிய விளக்கோடு வந்த பசுமை வீடும் நல்ல வீடுதான். முன்னதை முடித்துவிட்டு அதைத் தொடங்கியிருக்கலாம்.

வீடு கட்டிக் கொடுப்பதில் எங்கள் பக்கத்துக்கு ஒரு பழக்கமே உண்டு. நான் பஸ்ஸில் கடக்கிற ஹார்விபட்டி, மதுரா மில்லை நடத்திய ஹார்வி நிறுவனத்தார் தொழிலாளர்களுக்காக உருவாக்கிய குடியிருப்பு. அந்தப் பெயரே அப்படி வந்தது. தொழிலாளியிடம் கடன் பத்திரத்தை மட்டும் கொடுத்துவிட்டு நீயே தேடிக்கொள் என்று சொல்லவில்லை. திருமங்கலம் பக்கத்தில் மேலக்கோட்டையில்தான் 1998-இல் முதல் சமத்துவபுரம் திறந்தார்கள். 100 வீடுகள், எல்லாச் சாதியும் அடுத்தடுத்த வாசல். அரசு நிலம் எடுத்து, தெரு போட்டு, வீடு கட்டி, குடியேற்றிய வேலை. எல்லிஸ் நகரில் வீட்டு வசதி வாரியம் அப்படித்தான் செய்தது. அதே வாரியத்தின் தோப்பூர், உச்சப்பட்டி துணைக்கோள் நகரம் பற்றிப் பத்து வருஷத்துக்கு மேலாகப் பேச்சு ஓடுகிறது. எய்ம்ஸ் வருகிறது என்றதும் அதைச் சுற்றியுள்ள தனியார் மனை விலை மட்டும் முன்னால் ஓடிவிட்டது. அந்த நகரம் சொன்ன காலத்தில் வந்திருந்தால் எங்களுக்கு வீடு விற்றவர் மே மாதம் ஒன்றரை லட்சம் ஏற்றியிருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எதிர்வாதமும் உண்டு, நியாயமானதும் உண்டு. வீடே போதாது என்று எப்படிச் சொல்கிறீர்கள், பூட்டிக் கிடக்கிறதே என்பார்கள். உண்மைதான். 2012-இல் மத்திய அரசின் நிபுணர் குழு நகரங்களில் 1.88 கோடி வீடு பற்றாக்குறை என்றது, அதில் கிட்டத்தட்ட எல்லாமே நலிந்த, குறைந்த வருமானப் பிரிவினருக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரங்களில் காலியாகக் கிடந்த வீடுகள் ஒரு கோடிக்கு மேல். எங்கள் தெருவிலேயே ஆறில் இரண்டு வீடு பூட்டித்தான் இருக்கிறது, ஒன்று துபாயில் இருப்பவருடையது, ஒன்று பெங்களூரில் இருப்பவருடையது, இருவரும் முதலீட்டுக்கு வாங்கினார்கள். வாடகைக்கு விடச் சொன்னால் காலி செய்ய மாட்டார்கள் என்று பயப்படுகிறார்கள். அப்படியென்றால் எண்ணிக்கை மட்டும் போதாது, வீடு யாருக்குப் போகிறது, எங்கே இருக்கிறது என்பதும் வேண்டும். எங்கள் பள்ளி ஆயாம்மாவுக்கு ஊருக்கு வெளியே அரசு கட்டிய அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. வீடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விடிகாலை நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துச் சம்பாதித்தது அங்கே போனதும் நின்றுவிட்டது, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தாலும் அதற்குள் அந்த வீடுகளில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

எங்கள் வீடு எனக்குக் கட்டுபடியானதற்கு ஒரு காரணம் மானியம் என்றால் இன்னொரு காரணம் பஸ். 2021 மே மாதம் பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்று ஆனதிலிருந்து எனக்கு மாதம் 800 ரூபாய் மிச்சம். வீட்டுத் திட்டம் பற்றி எழுதும்போது பஸ்ஸை ஏன் இழுக்கிறாய் என்று கேட்காதீர்கள், தூரத்தில் உள்ள வீட்டை வீடாக்குவது பஸ்ஸும் தண்ணீரும்தான். தண்ணீர்க் கதை வேறு, முதல் இரண்டு வருஷம் குடம் 10 ரூபாய்.

இப்போது புதிய திட்டத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. 2024 செப்டம்பர் 1 முதல் வாங்கிய கடனுக்குப் பொருந்தும். வருட வருமானம் 9 லட்சம் வரை, வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள். முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம், அதுவும் ஒரே தடவையாக வராது, வருஷத்துக்கு 36,000 வீதம் ஐந்து தவணை. எனக்குக் கிடைத்ததைவிடக் குறைவு, விலையோ எனக்கு இருந்ததைவிட அதிகம். எங்கள் அடுத்த தெருவில் இப்போது செண்டுக்குக் கேட்கிற விலையைச் சொன்னால் அந்தப் புது டீச்சர் அழுதுவிடுவாள். ஒரு முக்கியமான நிபந்தனை, இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை: ஒவ்வொரு தவணை மானியம் வரும்போதும் கடன் நடப்பில் இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். நம் பழக்கம் என்ன, சீட்டு விழுந்தாலோ நகை விற்றாலோ கொண்டுபோய் அசலைக் குறைப்பது. அப்படிப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டால் மிச்ச மானியம் போய்விடும். முதல் ஐந்து வருஷம் பார்த்துக் கட்டுங்கள். கடந்த 20 வருஷத்தில் வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் பலன் பெற்றிருந்தாலும் கிடைக்காது.

சொந்தமாக மனை வைத்திருப்பவர்கள் வாங்குவதைவிடக் கட்டுவதையே யோசியுங்கள். நலிந்த பிரிவுக்குக் கட்டுவதற்கு நேரடி உதவி தனியாக உண்டு. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி எடுக்கலாம். எங்கள் காலத்தில் பிளான் அப்ரூவலுக்கு என்று தனியாக ஒரு ஆள், அவருக்கு ஒரு தொகை. வீடு அதிகமாகக் கட்டப்பட வேண்டும் என்றால் இப்படிப்பட்ட வேலைகள்தான் உதவும், விளம்பரம் குறைவாக இருந்தாலும் நான் இதற்கு 5-க்கு 5 கொடுப்பேன். கட்டியதை வாங்குவதாக இருந்தால் 500 சதுர மீட்டருக்கும் எட்டு வீட்டுக்கும் உட்பட்ட சின்னத் திட்டங்கள் ரெரா பதிவுக்குள் (வீடு கட்டி விற்பவர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் அது) வராது என்பதை மறக்காதீர்கள். எங்களுடைய ஆறு வீடு வரிசையும் அப்படித்தான். சுவர் விரிசல் விட்டபோது போய் நிற்க எனக்கு இடமில்லை, ஆள் அதற்குள் வேறு ஊரில் கட்டிக்கொண்டிருந்தார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு டீச்சரில் ஒருத்தியையும் அவள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு நிலையூர் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போகிறேன். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன், மூலப்பத்திர நகலும் கேட்டாயிற்று. விலை முடிந்து அட்வான்ஸ் ரசீது கைக்கு வரும் வரைக்கும் விற்பவர் முன்னால் மானியம் என்ற வார்த்தையை இருவரும் உச்சரிக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். கடனா கையிலிருந்தா என்று அவர் கேட்டால் "பாக்கலாம்ணே" என்று மட்டும் சொல்ல வேண்டும்.